வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கடிதம் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். முக்கியமான பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"உயர்தரத்தில் கலைப்பிரிவில் வரலாறு ஏ, தமிழ் பி, புவியியல் பி எடுத்திருக்கிறேன். கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். எனக்கு வரலாறு ஸ்பெஷல் (சிறப்புப் பட்டம்) செய்ய விருப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவில் அம்மாவோடு கதைப்பது கேட்கிறது. மாமா நேராகவே சொல்லிவிட்டார்: 'வரலாறு படிச்சால் சோறு கிடைக்குமா? நாலு வருசம் படிச்சிட்டு வேலை கேட்டுக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல்ல பதாகை பிடிச்சுக்கொண்டு நிக்கப் போறியா? பேசாமல் ஆசிரியராக வரக் கல்வியியற் கல்லூரிக்குப் போடு.' எனக்குப் பின்னால் இரண்டு தங்கச்சிமார் படிக்கிறார்கள். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். மாமா சொல்வது சரியா? வரலாறு படித்தால் எங்கே போகலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும், சிரிக்கக் கூடாது. அப்பப்பா டொக்யாட்டில் (கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில்) வேலை செய்தவர். அவருடைய பாஸ் அட்டை அப்பம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வரலாற்றில் ஆசை வந்தது. அப்பம்மாவுக்கு இப்போது 87 வயது. அந்த அட்டையும் வரலாறுதானா?"

அன்பு மகளுக்கு,

நான் சிரிக்கவில்லை. அந்த அட்டையைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. நானும் வரலாறு படித்தவள். பட்டத்தோடு ஊருக்கு வந்து, ஆசிரியர் நியமனம் கிடைக்கும்வரை மூன்று வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன். விறாந்தையில் பாய் விரித்து ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தேன். மாதக் கடைசியில் அம்மாவின் கையில் வைத்த காசு எவ்வளவு என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை, அவ்வளவு குறைவு. கலைப் பட்டதாரிகளுக்கு அரச நியமனம் வரும்போது மொத்தமாக வரும், வராத காலத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். கிழக்கு மாகாண அலுவலகங்கள் நம் ஊரில் இருப்பதால், பட்டதாரிகள் வெயிலில் உட்கார்ந்திருப்பதை மாமா தன் கண்ணாலேயே பார்த்திருப்பார். அவர் பயந்து சொல்கிறார், வெறுப்பில் சொல்லவில்லை.

ஆனால் அந்த மூன்று வருடங்களில் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி சிங்களம் நன்றாகப் படித்திருந்தாள். அவள் ஆறு மாதம்கூடச் சும்மா இருக்கவில்லை. இன்னொருவர் நான்காம் வருடத்தில் எழுதிய ஆய்வுக்கட்டுரைக்காகப் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பழகியிருந்தார். அவரை ஓர் ஆய்வு வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் விரிவுரைக் குறிப்புகளைப் பாடமாக்கி நல்ல புள்ளி எடுத்தேன், அவ்வளவுதான். மூன்று பேர் கையிலும் இருந்தது ஒரே பட்டம். ஆகவே உங்களுக்கு என் பதில்: படியுங்கள். ஆனால் நான் படித்த மாதிரிப் படிக்காதீர்கள்.

முதலில், கம்பஸில் வரலாறு என்றால் என்ன என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வரலாற்றை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது. பள்ளிக்கூடத்தில் முடிவைச் சொல்லித் தருகிறார்கள். கம்பஸில் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும், சரியாகத்தான் வந்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

நீங்கள் கோணேசர் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே நுழையும்போது, வாசற் கல்லில் மீன் உருவமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துக்களும் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மான்களைப் பார்க்கிற அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாட்டு அந்தக் கல்லில் இருக்கிறது. குளக்கோட்டன் கோயில் திருப்பணி செய்த மன்னன் என்பார்கள், பறங்கி என்றால் போர்த்துக்கேயர். நம் ஊரில் பெரியவர்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். சின்ன வயதில் என் பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி அதை வாசித்துக் காட்டினார். நானும் வாசித்தேன் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பஸில் சாசனவியல், அதாவது கல்வெட்டுகளை வாசிக்கிற படிப்பு, படித்த பிறகு, ஒரு விடுமுறையில் கொப்பியும் பென்சிலுமாய் அந்தக் கல்லின் முன்னால் போய் நின்றேன். கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக்களை மட்டும் எழுதிப் பார்த்தேன். பாட்டில் பாதிகூட வரவில்லை! கல் சிதைந்திருக்கிறது, எழுத்துக்கள் இடையிடையே மறைந்திருக்கின்றன. நான் அதுவரை வாசித்தது கல்லை அல்ல, பெரியப்பாவின் குரலைத்தான். பாட்டின் மீதி வரிகள் மக்கள் வாயில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் உலவுவதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த இடத்தில் கேள்விகள் தொடங்குகின்றன. பறங்கி வந்து இடிப்பான் என்று முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனமா இது, அல்லது இடித்த துயரத்தைக் கண்டவர் யாரோ பிறகு எழுதிவைத்ததா? 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களையும் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். அப்படியானால் இந்தக் கல் முன்பு எங்கே நின்றது? குளக்கோட்டன் என்ற பெயர் வேறு எங்கெங்கே வருகிறது? கோணேசர் கல்வெட்டில் வருகிறது என்று சொல்வீர்கள். அது பெயரில்தான் கல்வெட்டு. கவிராச வரோதயர் பாடியதாகச் சொல்லப்படும் அது, செய்யுளும் உரைநடையும் கலந்த ஒரு நூல். கல்லில் வெட்டிய சாசனத்துக்கும் ஏட்டில் வந்த நூலுக்கும் சாட்சியாக ஒரே எடை போட முடியுமா? இப்படி ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஒரு முழுத் தவணை பேசலாம். எனக்குக் கிடைத்த விரிவுரையாளர் அப்படித்தான் பேசினார்.

இன்னொரு இடம் சொல்கிறேன். பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறதே, அங்கே சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் பல கிடைத்திருக்கின்றன. அந்தப் பௌத்தப் பள்ளியை இராஜராஜப் பெரும்பள்ளி என்று அவை சொல்கின்றன. அணையா விளக்கு எரிக்கப் பசுக்களைத் தானம் செய்ததெல்லாம் தமிழில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு நம் மாவட்டத்தில் தமிழ் பேசியவர்கள் ஒரு பௌத்தப் பள்ளிக்கு விளக்கேற்றக் கொடுத்திருக்கிறார்கள். தமிழர் என்றால் சைவர்தான், பௌத்தம் என்றால் சிங்களம்தான் என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிற கதை எதிலும் இந்தக் கல் அடங்காது.

நம் மாவட்டத்தில் ஒவ்வொரு கல்லுக்கும், ஒவ்வொரு மேட்டுக்கும், கன்னியா வெந்நீரூற்றுக்கும் இன்று வழக்கு இருக்கிறது. அதனால்தான் வரலாறு படிக்கிற பிள்ளைகள் நமக்கு அவசியம் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன். கல்லை வாசிக்கத் தெரியாதவர்கள் மற்றவர் வாசித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாசிக்கத் தெரிந்தவரும், தனக்குப் பிடிக்காததையும் சேர்த்து வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வேட்டில் இலங்கைத் தமிழர் குடியேற்றங்கள் பற்றிச் சில முடிவுகளைச் சொன்னார். பிறகு வந்த தொல்லியல் சான்றுகளைப் பார்த்து, 40 வருடம் கழித்து 2005இல் வெளியிட்ட நூலில் தன் பழைய முடிவுகளைத் தானே திருத்தினார். இதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். சான்று மாறினால் முடிவையும் மாற்ற வேண்டும். அந்தத் துணிவு பரீட்சைப் புள்ளியால் வராது, இந்தப் படிப்பை உண்மையாகப் படித்தால் வரும்.

சரி, இனி விண்ணப்ப விஷயம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் 'வரலாறு' என்று போட வேண்டும் என நினைத்துப் பல பிள்ளைகள் குழம்புகிறார்கள். நீங்கள் தெரிவு செய்யப் போவது கலைக் கற்கைநெறியை. வரலாற்றை உள்ளே போன பிறகுதான் ஒரு பாடமாக எடுப்பீர்கள். முதலாண்டுப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஸ்பெஷலுக்கு எடுப்பார்கள். முதலாண்டில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பிறகு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும், கவனம். நம் ஊரிலேயே கோணேசபுரியில் வளாகம் இருந்தாலும் அது வேறு துறைகளுக்கானது. வரலாற்றுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், பேராதனை என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தொல்லியலையும் சேர்த்துப் படிக்கலாம். பேராதனைக்குப் போனால் சிங்களப் பிள்ளைகளோடு விடுதியில் இருப்பீர்கள், மொழி தானாக வரும், பெரிய நூலகமும் உண்டு. வந்தாறுமூலை வீட்டுக்குக் கிட்ட, செலவு குறைவு. உங்கள் வீட்டு நிலையில் நான் யாழ்ப்பாணத்தை முதலாவதாகவும் வந்தாறுமூலையை இரண்டாவதாகவும் போடுவேன். தொல்லியல் கிடைக்கும் என்பதுதான் காரணம். வீட்டோடு பேசி நீங்கள் மாற்றிப் போட்டாலும் பிழையில்லை.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். மகாபொல அல்லது பர்சரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் காசு மாதாமாதம் நேரத்துக்கு வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி என்று கையில் செலவிருக்கும். புத்தகச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் மலர்களையும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இலிருந்து இணையத்தில் இலவசமாகச் சேர்த்துவருகிறது. கோயில் கும்பாபிசேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர் எல்லாம் அதில் இருக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். இன்றைக்கே தொடங்கலாம்.

இப்போது மொழி. இந்தக் கடிதத்தில் ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அந்த ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பிரித்தானியர் காலத்தில் அரசாங்க அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாக எழுதிய நாட்குறிப்புகளும் அங்கே உண்டு. எந்தக் குளம் உடைத்தது, எந்த ஊரில் காய்ச்சல், யாருக்கும் யாருக்கும் காணிச் சண்டை என்று நம் ஊர்களின் கதை ஆங்கிலக் கையெழுத்தில் கிடக்கிறது. திணைக்களங்களின் இன்றைய கடிதங்கள் பல சிங்களத்தில் வருகின்றன. தமிழ் மட்டும் தெரிந்தால் நம்மைப் பற்றி எழுதியதைக்கூட நம்மால் வாசிக்க முடியாமல் போகிறது. நான் முதல் தடவை சுவடிகள் கூடத்துக்குப் போனபோது ஒரு பக்கம் வாசிக்க அரை நாள் எடுத்தது. பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டுப் பெண் நம் மாவட்டத்துக் கொட்டியாரத்தைப் பற்றிய ஆவணத்தை மளமளவென்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது.

ஆகவே நாலு வருடத்தில் ஆங்கிலமும் சிங்களமும். விரிவுரை தமிழில் நடந்தாலும் கிழமைக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரையாவது அகராதி வைத்து வாசியுங்கள். சிங்களத்துக்கு நம் ஊரில் ஆசிரியர் தேட வேண்டியதில்லை, மார்க்கெட்டுக்குப் போனாலே போதும். பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். அதை வீணாக்க வேண்டாம். தமிழும் சிங்களமும் 1987இலிருந்து அரசியலமைப்பின்படி ஆட்சிமொழிகள். ஆனால் இரண்டையும் சரியாக எழுதக்கூடிய ஆட்கள் அலுவலகங்களில் குறைவு. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஒரு கலைப் பட்டதாரி போவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

எங்கே போகலாம் என்று கேட்டீர்கள். ஆசிரியத் தொழிலை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பட்டதாரி ஆசிரியர் நியமனம் எடுத்து, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்து, அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை என்று பரீட்சை எழுதி மேலே போகலாம். சாதாரண தரத்தில் வரலாறு நெடுங்காலமாகக் கட்டாயப் பாடமாக இருந்ததால் வரலாற்று ஆசிரியருக்குத் தேவை இருந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் வரலாற்று ஆசிரியரால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய சேர்விடாப்புகள், அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடுகள், ஓர் அலுமாரிக்குக் கீழே கிடந்தன. கறையான் ஒரு பக்கத்தைத் தின்றிருந்தது. உயர்தர மாணவர்களை வைத்து அவற்றைத் துடைத்து, வருட வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். தங்கள் அம்மம்மாவின் பெயரைக் கண்டதும் அலுமாரியை விட்டு எழும்பவில்லை. அடுத்த வருடம் ஒரு அம்மா வந்தார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர். பிறப்பத்தாட்சி, காணி உறுதி, எதுவும் கையில் இல்லை. "நான் இங்கதான் மூண்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான், என்ர பேர் எங்கயும் இருக்குமோ டீச்சர்?" என்று கேட்டார். அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்தோம். பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த திகதி, ஒரே வரியில் நீல மையில் இருந்தது. அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் நான் இருந்த வேறொரு பள்ளிக்கூடத்தில், நான் போவதற்கு முந்திய வருடம், சிரமதானத்தில் பழைய இடாப்புகள் எல்லாவற்றையும் குவித்து எரித்துவிட்டார்கள். அங்கே படித்த அம்மாக்கள் வந்து கேட்டால் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும், வரலாறு படித்தவர்கள் நிறையப் பேர் அதில் தேறியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேவையும் அப்படித்தான், ஆனால் இடங்கள் மிகக் குறைவு. போட்டிப் பரீட்சைக்கு மூன்றாம் வருடத்திலிருந்தே தயார்செய்ய வேண்டும், பட்டமளிப்பு முடியட்டும் என்று இருந்தால் பிந்திவிடும். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டத்தரணியான வரலாற்று மாணவரையும் கண்டிருக்கிறேன். சாட்சியை எடைபோடப் பழகியவருக்கு அந்த வேலை புதிதில்லை. ஊடகத்துக்குப் போகலாம், எழுத்து கையில் இருந்தால்.

தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், நூதனசாலைகள், சுவடிகள் கூடம் ஆகியவற்றில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் தொல்லியலை விடாதீர்கள் என்று சொன்னேன். பட்டத்துக்குப் பின் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் பட்டப்பின் நிறுவகத்தில் மேலே படிக்கலாம். இடங்கள் சொற்பம், போட்டி கடுமை, வேலை பெரும்பாலும் வெளி மாவட்டத்தில். வெயிலில் முழங்காலில் இருந்து தூரிகையால் மண் தட்ட விருப்பமுள்ளவர் மட்டும் போக வேண்டிய பாதை. ஆனால் நம் பக்கத்திலிருந்து ஓர் ஆளாவது அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை.

மாமாவுக்குத் தோன்றாத ஒரு தொழிலையும் சொல்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் வீட்டைத் தாண்டித்தான் வெள்ளைக்காரர் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் போகிறார்கள். கோட்டைக்கு வருகிறவர்களுக்கு யார் கதை சொல்கிறார்கள்? போன வருடம் வாசலில் நின்று கேட்டேன். ஒரு வழிகாட்டி அந்தக் கல்லைத் தாண்டியே போனார், இராவணன் வெட்டில் படம் எடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு திரும்பினார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு போட்டதும், சீனன்குடா எண்ணெய்க் குதங்களும், நிலாவெளி வீதியில் போர் மயானத்தில் வரிசையாக இருக்கும் கல்லறைகளும் ஒரே கதையின் பகுதிகள். அதைக் கோத்துச் சொல்லத் தெரிந்தவர் இங்கே மிகக் குறைவு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் எடுத்தால் இது முறையான தொழில். ஒன்றிரண்டு பிறமொழி தெரிந்தால் பருவகாலத்தில் ஆசிரியர் சம்பளத்தைவிடக் கூடவும் வரலாம். பருவம் முடிந்தால் வருமானமும் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்பிள்ளை எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். பெண் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், இன்னும் வேண்டும்.

கல்வியியற் கல்லூரியைப் பற்றி மாமா சொன்னதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மூன்று வருடம், அதில் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி, முடிவில் நியமனம். மூன்று வருடத்தில் உங்கள் சம்பளம் வந்தால்தான் தங்கச்சிமார் படிக்கலாம் என்ற நிலை உண்மையாக இருந்தால், அங்கே போவதில் ஒரு குறையும் இல்லை. வேலையில் இருந்துகொண்டு வெளிவாரியாகப் பட்டம் எடுக்கலாம், என்னோடு வேலை செய்த பலர் அப்படி எடுத்தார்கள். ஆனால் அது அப்பாவின் வாயிலிருந்து வர வேண்டும். அவர் இரவில் அம்மாவோடு கதைப்பதை நீங்கள் பாயில் படுத்திருந்து கேட்டு ஊகிக்க வேண்டாம். கடலால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, மாமா இல்லாத நேரத்தில், நேரே கேளுங்கள்: "அப்பா, நாலு வருசம் சமாளிக்கலாமோ?" கடல் கொந்தளிக்கும் மாரியில் என்ன செய்வது என்றும் கேளுங்கள். அவர் சமாளிக்கலாம் என்றால் கம்பஸ். தயங்கினால் என்ன குறைகிறது என்று தொகையாகப் பேசுங்கள். சில வீட்டில் பிரச்சினை மாதம் சில ஆயிரம் ரூபாதான், அதற்கு வழி தேடலாம்.

இனி அப்பப்பாவின் அட்டை.

மகள், அது வரலாற்று ஆவணம்தான். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். அதுவரை அந்த டொக்யாட்டை நம்பி எத்தனை குடும்பங்கள் இருந்தன, அவர்கள் போன பிறகு அந்தத் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று தமிழில் எழுதியவர் அரிது. டொக்யாட் வீதியில் தினமும் போய் வருகிறோம், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. கம்பஸில் நாலாம் வருடம் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது எல்லாரும் இராசராசனையும் சங்கிலியனையும் எடுப்பார்கள். உங்கள் தலைப்பு அப்பம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. 1957இல் இருபது வயதில் அங்கே வேலை செய்த ஒருவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும். நாலாம் வருடம் வரும்வரை அவர்கள் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

முதலில், அதைத் தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். நம் ஊரில் எதைக் கண்டாலும் லமினேட் செய்கிற பழக்கம் இருக்கிறது. அந்தச் சூடும் பசையும் பழைய காகிதத்தைக் கெடுக்கும், பிறகு கழற்றவும் முடியாது. கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். இலக்கம், பகுதியின் பெயர், கையொப்பம், முத்திரை, அழிந்துபோன எழுத்து எல்லாவற்றையும் இருக்கிறபடியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாசிக்க முடியாத இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். அட்டையை வெள்ளைக் காகிதத்தில் மடித்து ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் பெயரும் திகதியும் எழுதுங்கள். கடற்காற்று ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அப்பம்மாவின் பெட்டியை விட்டு எடுக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு அப்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பதிவை ஓடவிட்டு, கதைக்க விடுங்கள். அப்பப்பா எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டார், எதில் போனார், சாப்பாடு கட்டிக் கொடுத்தீர்களா, என்ன கட்டினீர்கள், சம்பளம் கிழமைக்கா மாதத்துக்கா, கூட வேலை செய்தவர்கள் எந்த ஊர், வெள்ளைக்காரன் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்று வீட்டில் என்ன கதைத்தீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் முடிவதற்குள் அடுத்ததைக் கேட்காதீர்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். முதல் தடவை அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்.

விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்பாவோடு அடுத்த கிழமையும் பேசலாம். அப்பம்மாவிடம் இந்தச் சனிக்கிழமையே கேளுங்கள்.